எட்டாயிரம் ரூபாயில் வீட்டு வண்டி வேலைக்கு ஜாக்கும் ஸ்பேனரும்: எதை வாங்குவது, எதை விடுவது?

தாம்பரத்தான் கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் 2014 மாடல் வேகன்ஆர், பெட்ரோல். மாமனாரின் ஐ10 வண்டியும் என் தலையில்தான். இரண்டுக்கும் சேர்த்துச் சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியிருக்கிறேன். இன்ஜினைப் பிரிக்கும் ஆசையெல்லாம் இல்லை. ஆயில் மாற்றுவது, பிளக், ஏர் ஃபில்டர், டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. அவ்வளவுதான்.

இந்த யோசனை வரக் காரணம் போன மாதம் நடந்த கூத்து. வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் இரவு ஒன்பது மணிக்குப் பின் டயர் பஞ்சர். வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கை அன்றுதான் முதல் முறையாக உறையிலிருந்து எடுத்தேன். கொக்கிக் கம்பியைச் சுற்றச் சுற்ற விரல் முட்டி தரையில் உரசி, தோல் போனதுதான் மிச்சம். அதைவிடக் கொடுமை வீல் நட். கடைசியாக டயர் கடையில் நட் முடுக்கும் கன் வைத்து முடுக்கியது. எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன், என் எடை 78 கிலோ. மூன்று நட் முனகிக்கொண்டே கழன்றன. நான்காவதன் முனை மழுங்கி, ஸ்பேனர் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த வழியாக வந்த ஒரு டாட்டா ஏஸ் ஓட்டுநர் நிறுத்தினார். தன் வண்டியிலிருந்து நட்டின் மேல் குப்பி மாதிரி மாட்டும் ஒரு சாக்கெட்டும் அதைத் திருப்பக் கம்பியும் ஒரு முழ பைப்பும் எடுத்து வந்து இரண்டே நிமிடத்தில் கழற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "வண்டி வச்சிருக்கீங்க, சாமான் வச்சிருக்க மாட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அது இன்னும் காதில் இருக்கிறது.

பட்ஜெட் 8,000 ரூபாய். இதற்கே வீட்டில் "டயர் மாற்றிப் போட கடையில் நானூறு ரூபாய், அதற்கு எட்டாயிரத்தில் ஜாக்கா?" என்று கேள்வி வந்தாயிற்று. ஆன்லைனில் 108 பீஸ் டூல் கிட் ஒன்று பெட்டியோடு 3,500க்குக் கிடைக்கிறது. நெட்டுக்குத்தாக நிற்கும் பாட்டில் ஜாக் ஆயிரத்துக்குள், சக்கரம் வைத்து உருட்டும் ட்ராலி ஜாக் இரண்டாயிரத்துக்கு மேல். இரண்டு டன் போதுமா, மூன்று டன் வேண்டுமா? பாட்டிலா, ட்ராலியா? அந்தக் கிட்டை நம்பி வாங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சேலம் சாலை:

108 பீஸ் வாங்கிய மகாராசன் நான்தான். பெட்டியைத் திறந்து உட்கார்ந்து எண்ணினேன். பாதிக்குப் பாதி திருப்புளி பிட்டுகள். நட்சத்திரத் தலை, சதுரத் தலை, முக்கோணத் தலை என்று என் ஜென்மத்தில் பார்க்காத தலையெல்லாம் இருந்தன. 32 மி.மீ. சாக்கெட் ஒன்று உண்டு, நல்ல கனம். இரண்டு வருடமாக என் மேசையில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

சாக்கெட்டுகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். சாக்கெட்டைத் திருப்பும் பல் வைத்த கைப்பிடி, அந்த ராட்செட்தான் ஆறாவது மாதத்தில் பல் தாண்ட ஆரம்பித்தது. ஆயில் டிரெயின் போல்ட்டில் மாட்டி இழுத்தபோது சடக்கென்று வழுக்கி, கை போய் வண்டிக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் இடித்தது. கை முட்டியில் தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் படம் போடுகிறேன்.

ஜாக் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும். கிட் மட்டும் வேண்டாம்.

பீளமேட்டுக்காரர்:

தம்பி, அந்த ஏஸ்காரர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கார் மெக்கானிக் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பிரீமியர் பத்மினியில் ஆரம்பித்து மாருதி 800, இப்போது ஆல்டோ வரை என் வண்டிகளுக்கு என் கைதான்.

உங்கள் பட்டியலில் ஜாக் இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. ஸ்டாண்ட் எங்கே? ஜாக் தூக்குவதற்கு. தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஹைட்ராலிக் ஜாக்கில் வண்டியை மேலே பிடித்து வைத்திருப்பது உள்ளே உள்ள ஒரு ரப்பர் சீலும், வால்வில் உட்காரும் ஒரு சின்னக் குண்டும்தான். சீல் தேய்ந்தாலோ வால்வில் தூசி மாட்டினாலோ வண்டி மெதுவாக இறங்கும். மெதுவாகத்தான் இறங்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

1997ல் நடந்ததைச் சொல்கிறேன். மாருதி 800, முன் பக்கம் பிரேக் பேட் மாற்ற வேண்டும். எங்கள் வாசல் தெருவைப் பார்த்து லேசான சரிவு, தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் கியரில்தானே கிடக்கிறது என்று விட்டுவிட்டேன். மாருதி 800 முன் சக்கரத்தில் இழுக்கிற வண்டி. ஒரு முன் சக்கரம் தரையை விட்டு எழும்பினதுமே கியர் பிடிப்பு போய்விடும். இரண்டு முன் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ன செய்யும், தூக்கின பக்கத்து ஹப்பை ஒரு திசையில் சுற்றவிட்டு, தரையில் நிற்கிற சக்கரத்தை மறு திசையில் உருளவிடும். டூல் ரூமில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

வண்டி நாலு அங்குலம் நகர்ந்தது, ஜாக் சாய்ந்தது. கழற்றிய சக்கரத்தை என் அண்ணன் பழக்கதோஷத்தில் வண்டிக்கு அடியில் படுக்கத் தள்ளி வைத்திருந்தார். வண்டி அதன்மேல் உட்கார்ந்தது. என் கை அந்த நேரம் ஒரு முழம் தள்ளி, உருண்டு போன நட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. உள்ளே போய்க் காபி போடச் சொன்னார்.

அதனால் முதல் செலவு ஸ்டாண்ட் ஒரு ஜோடி. இரண்டாவது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. மூன்றாவதுதான் ஜாக். எது உடைந்தால் உடம்பில் படுமோ அதற்கு முதலில் காசு. எது உடைந்தால் கடைக்கு இன்னொரு நடை போனால் போதுமோ, அதைக் கடைசியில் மிச்சம் இருப்பதில் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சுவர் பாரத்தைப் பரவலாகத் தாங்குகிற கல், ஒரே புள்ளியில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

சரி, ஜாக். டன் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வேகன்ஆர் முழு வண்டியே 900 கிலோவுக்குள். ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கின் தலையில் விழுவது அதில் ஒரு பங்குதான். இரண்டு டன் தாராளம். நல்ல மூன்று டன் ட்ராலி ஜாக் 30 கிலோ கனம் இருக்கும், அதை எடுத்து வைக்கவே ஒரு ஆள் வேண்டும். டன்னுக்குக் கொடுக்கும் காசை உயரத்துக்குக் கொடுங்கள்.

உயரம் என்றால் இரண்டு கணக்கு. ஒன்று, ஜாக் முழுக்க இறங்கியிருக்கும்போது எவ்வளவு உயரம். சின்ன ட்ராலி ஜாக் பெரும்பாலும் 13, 14 சென்டிமீட்டர். டயரில் காற்று போய் வண்டி தாழ்ந்திருக்கும்போது அது அடியில் நுழைய வேண்டும். இன்னொன்று, முழுக்க ஏற்றினால் எவ்வளவு. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சின்ன ஜாக் ஏறுவது 33, 34 சென்டிமீட்டர். மூன்று டன் ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரமே 28, 29 இருக்கும். நடுவில் மிஞ்சுவது ஐந்து சென்டிமீட்டர். கடையில் இரண்டும் தனித்தனியே அழகாக இருக்கும், வீட்டுக்கு வந்தால் ஜாக் ஏறி முடித்த இடத்தில் ஸ்டாண்ட் நுழையாமல் போகலாம். கடைக்குப் போகும்போது இன்ச் டேப் கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பாட்டில் ஜாக் நல்ல சாமான்தான், ஆனால் அது லாரிக்காரர் சாமான். லாரிக்கு அச்சு இருக்கிறது, ஜாக் தலை நிம்மதியாக உட்காரும். நம் சின்ன வண்டிக்கு ஓரத்தில் தகட்டு மடிப்புதான். அந்த மடிப்பில் பாட்டில் ஜாக்கின் சின்ன வட்டத் தலையை வைத்தால் மடிப்பு வளையும், இல்லாவிட்டால் தலை வழுக்கும். போதாக்குறைக்கு அடிப்பாகம் குறுகல், கொஞ்சம் சாய்ந்தாலும் ஆபத்து.

ட்ராலி ஜாக்கில் ஒரு சூட்சுமம். கை மேலே எழும்பும்போது அது வில் மாதிரி வளைந்து போகும், நேர்கோட்டில் போகாது. அதனால் ஏறும்போது ஜாக் வண்டியை நோக்கிக் கொஞ்சம் உருள வேண்டும். சக்கரம் வைத்திருப்பது அதற்குத்தான், இழுத்துப் போக மட்டுமில்லை. மண் தரையிலோ உடைந்த தளத்திலோ சக்கரம் சிக்கிக்கொண்டால், ஜாக் உருளாமல் தலை வண்டியை இழுக்க ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஸ்பேனர் விஷயம். மாருதியிலும் உங்கள் ஐ10லும் கை படும் இடமெல்லாம் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. தலைதான். ஐரோப்பிய வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் 13 தினமும் வேண்டும். எட்டு ஸ்பேனர் உள்ள செட் வாங்கினால் அதில் 15ம் 18ம் கடைசி வரை தூங்கும். இருந்தாலும் ரிங் ஸ்பேனர் மட்டும் செட்டாகவே வாங்கிவிடுங்கள், தனித்தனியே வாங்குவதைவிடச் சல்லிசு. ஓப்பன் ஸ்பேனர் 10-11, 12-13, 14-15 மூன்று போதும். ஓப்பன் ஸ்பேனர் நட்டை இரண்டு பக்கம்தான் பிடிக்கும், ரிங் சுற்றிப் பிடிக்கும். இறுகினதை ரிங்கில் தளர்த்தி, தளர்ந்ததை ஓப்பனில் கழற்றுங்கள். நான் வைத்திருப்பது தபாரியா கம்பெனி, சிலது 25 வருடப் பழசு. வாய் அகலவில்லை. ஜலந்தர் சாமானிலும் நல்லது இருக்கிறது, ஆனால் பெயர் பொறிக்காத ஸ்பேனரை நான் தொட மாட்டேன்.

சாக்கெட்டை அரை இன்ச் டிரைவில் (கம்பி நுழையும் சதுர ஓட்டை அரை இன்ச்) உதிரியாக வாங்குங்கள்: 17, 19, 21. வேகன்ஆர் வீல் நட் 19, ஐ10க்கு 21. ராட்செட்டை விட்டுவிட்டு முதலில் ஒரு நீளக் கம்பி வாங்குங்கள், பல்லே இல்லாத வெறும் கம்பி. இறுகின போல்ட்டில் ராட்செட்டை மாட்டினால் சேலம் நண்பருக்கு நடந்ததுதான் நடக்கும்.

எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் எல்லாம் வீட்டுக்குத் தேவையில்லை. 40 வருடம் கை அளவில்தான் முடுக்கியிருக்கிறேன்.

தாம்பரத்தான்:

ஐயா, மிக்க நன்றி. மனைவியிடம் 1997 கதையைப் படித்துக் காட்டினேன். பட்ஜெட் பற்றிய கேள்வி அதோடு நின்றுவிட்டது.

மூன்று சந்தேகம். எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளம் முழுக்க பேவர் பிளாக். சில கற்கள் ஆடும். அதில் தூக்கலாமா? இரண்டாவது, ஓரத்தில் ஜாக் வைக்க இரண்டு வெட்டுக் குறி நடுவே ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அங்கே ஜாக் வைத்துவிட்டால் ஸ்டாண்ட் எங்கே வைப்பது? மூன்றாவது, புதுப்பேட்டையில் பழைய ஸ்பேனர் எடைக்குக் கிடைக்கும் என்கிறார்கள், நம்பலாமா?

மதுரை டீச்சர்:

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் எடுக்கிறேன். ஐ20 என் வண்டி, டயர் மாற்றுவது நானேதான். பீளமேட்டு ஐயா சொன்னதில் கடைசி இரண்டு வரியைத் தவிர எல்லாவற்றுக்கும் கை தட்டுகிறேன்.

ஐயாவின் கைக்கு 31 வருட டூல் ரூம் பழக்கம் இருக்கிறது. தாம்பரம் சாரின் கைக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தலைமுறை மாருதி மேனுவலில் வீல் நட்டுக்கு 85 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். அரை மீட்டர் கம்பியின் நுனியில் 17 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அந்த அளவு வந்துவிடும். 17 கிலோதான்! சார் கால் மீட்டர் எல் ஸ்பேனரில் 78 கிலோவோடு ஏறி நின்றிருக்கிறார், அது கிட்டத்தட்ட 190. துரு கொஞ்சம் கூடப் பிடித்திருந்தது என்று வைத்தாலும், டயர் கடை கன் எவ்வளவு முடுக்கியிருக்கும் என்று தெரிகிறதல்லவா? அப்படி முடுக்கினால் ஸ்டட் (நட் ஏறுகிற மரைக் கம்பி) நீளும், டிஸ்க் கோணும், அப்புறம் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடுகிறது என்று அலைய வேண்டும்.

என் மாணவர்களிடம் ஒரு சோதனை வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு 85க்கு முடுக்கு என்று சொல்லி, பிறகு ரெஞ்சில் அளப்போம். பையன்கள் எல்லோரும் அதிகமாக முடுக்குவார்கள். பெண்கள் "போதுமா மிஸ்" என்று கேட்டுக் கேட்டு முடுக்குவார்கள், அவர்கள்தான் கிட்ட வருவார்கள்.

அரை இன்ச் டார்க் ரெஞ்ச், 28 முதல் 210 வரை அளக்கிற, வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்கிற வகை, கார் சக்கரத்துக்குப் பொருத்தம். 85 அதன் நடுப்பகுதியில் விழுகிறது. எந்த ரெஞ்சும் தன் அளவின் அடிமட்டத்தில் சரியாகப் பேசாது, அதனால் இதை வைத்துச் சின்ன போல்ட்டை முடுக்காதீர்கள். கழற்றவும் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்திக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். பட்ஜெட்டில் இடமில்லை என்றால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். இன்னொன்று, வீல் ஸ்டட்டுக்குக் கிரீஸோ ஆயிலோ தடவாதீர்கள். மேனுவலில் உள்ள அளவு உலர்ந்த மரைக்குச் சொன்னது. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே 85ல் ஸ்டட் மேல் இழுவை கூடிவிடும்.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே பாருங்கள். ஆறு முனையா, பன்னிரண்டு முனையா? வீல் நட்டுக்கு ஆறு முனைதான். பன்னிரண்டு முனை சாக்கெட் மாட்ட எளிது, ஆனால் நட்டின் மூலையை மட்டும்தான் கடிக்கும். ஏற்கெனவே மழுங்கிய அந்த நான்காவது நட் அதில் வழுக்கியே தீரும்.

ஸ்டாண்ட் எங்கே வைப்பது என்ற கேள்வி நல்ல கேள்வி. வண்டியின் மேனுவலை எடுங்கள், டயர் மாற்றும் பக்கத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். கத்தரி ஜாக் வைக்கும் இடம் வேறு, கரேஜ் ஜாக் வைக்கும் இடம் வேறு என்று தனிப் படம் கொடுப்பார்கள். ஜாக்கை நடுப்பகுதியின் உறுதியான சட்டத்தில் வைத்துத் தூக்கி, ஓரக் குறியில் ஸ்டாண்டை வைப்பதுதான் முறை. படத்தில் இல்லாத இடத்தில் வைக்காதீர்கள். ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், சைலன்சர் குழாய் இவற்றின் கிட்டேயே போகக் கூடாது.

ஸ்டாண்டில் பல் கவ்வும் வகையும் உண்டு, ஊசி கோர்க்கும் வகையும் உண்டு. 2020ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடைச் சங்கிலி பல லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது, பல் சரியாகக் கவ்வாமல் நழுவும் என்று. மாற்றாகக் கொடுத்ததிலேயே சிலவற்றில் வெல்டிங் கோளாறு என்று மறுபடி திரும்பப் பெற்றார்கள். அதனால் நான் ஊசி வகை கட்சி. எந்த வகை வாங்கினாலும் வெல்டிங்கைக் கையால் தடவிப் பாருங்கள், கால்கள் நான்கும் கடைத் தரையில் ஆடாமல் உட்காருகிறதா பாருங்கள். லேபிளில் எழுதிய டன் ஒன்றுக்கா, ஜோடிக்கா என்றும் படியுங்கள்.

பீளமேட்டுக்காரர்:

டீச்சரம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நேற்று பக்கத்து வீட்டுப் பையனிடம் டார்க் ரெஞ்ச் கடன் வாங்கி, நான் கை அளவில் முடுக்கிய நான்கு நட்டையும் சோதித்தேன். நான்குமே 85ல் திரும்பாமலே உடனே கிளிக் ஆயின, அதாவது ஏற்கெனவே அதற்குமேல் முடுக்கியிருக்கிறேன். 110க்கு வைத்தேன், அதற்கும் இரண்டு உடனே கிளிக் ஆயின. 40 வருடமாக நானும் அந்த டயர் கடைக்காரரும் ஒரே ஜாதி போலிருக்கிறது. அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பேவர் பிளாக் பற்றி. ஆடுகிற கல்லில் வேண்டாம். ஒரு அடிக்கு இரண்டு அடி, முக்கால் இன்ச் பிளைவுட் துண்டு போட்டு அதன்மேல் ஜாக்கை வையுங்கள். பாரம் நாலைந்து கல்லுக்குப் பரவும், சக்கரமும் உருளும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியிலும் அதே மாதிரி பலகை. மே மாதத் தார் ரோட்டிலும் இதுதான், வெயிலில் இளகின தாரில் ஸ்டாண்ட் கால் அமுங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பழைய ஸ்பேனர் வாங்கலாம். புதுப்பேட்டையில் பழைய கெடோர் கம்பெனி ஸ்பேனர் கிடைத்தால் விடாதீர்கள். கடைக்குப் போகும்போது 10, 12, 14 தலையுள்ள புது போல்ட் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் வாய் அகன்றுவிட்டது, கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மேல் துரு ஒன்றுமில்லை, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் போய்விடும். ஓப்பனை விட ரிங் வாங்குவது பாதுகாப்பு. பழைய ஜாக்கும் பழைய ஸ்டாண்டும் மட்டும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஜாக்குக்கு ஒரு முக்கியமான பராமரிப்பு. எண்ணெய் குறைந்தால் ஜாக் ஆயில் அல்லது ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள். பிரேக் ஆயிலும் ஹைட்ராலிக்தானே என்று என் தம்பி அதை ஊற்றினான். பிரேக் ஆயில் வேறு இனம், ஜாக்கின் சீலுக்கு ஒத்துவராது. சீல் உப்பிப் போய், அவன் ஜாக் இப்போது கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

சேலம் சாலை:

ஐயா, என் 32 சாக்கெட்டும் உங்கள் தம்பி ஜாக்கும் ஒரே சங்கத்தில் சேரலாம்.

தாம்பரம் நண்பரே, பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். அது பின் சக்கரத்தில்தானே பிடிக்கிறது, ஒன்றைத் தூக்கிவிட்டால் மிச்சம் ஒன்றுதான். கியரிலும் போட்டு, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டு வையுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கும்போது பின் சக்கரத்துக்கு.

தாம்பரத்தான்:

வாங்கிவிட்டேன். கணக்கைப் போடுகிறேன், யாருக்காவது உதவும்.

சனிக்கிழமை காலை பாரிமுனையில் இறங்கி, செம்புதாஸ் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். இன்ச் டேப்பை எடுத்ததும் முதல் கடைக்காரர் "சார் இன்ஜினியரா?" என்றார். இரண்டாவது கடையில் ஜாக்கை ஏற்றியே காட்டினார்கள். இரண்டு டன் ட்ராலி ஜாக், இறங்கினால் 13.5, ஏறினால் 38 சென்டிமீட்டர், 2,850 ரூபாய். இதைவிட 500 குறைவாக ஒன்று இருந்தது, அது 33தான் ஏறியது. ஐயா சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். ஊசி வகை ஸ்டாண்ட் ஜோடி 1,900. முதலில் காட்டிய ஜோடியில் ஒன்று தரையில் ஆடியது, மாற்றித் தந்தார்கள்.

ரிங் ஸ்பேனர் செட் தபாரியா, 1,250. அரை மீட்டர் கம்பி 550. ஆறு முனை சாக்கெட் 17, 19, 21 மூன்றும் 390. பிளக் கழற்ற 16 அளவு ஒன்று 180. ரப்பர் முட்டு இரண்டு 400. மொத்தம் 7,520. ஓப்பன் ஸ்பேனர் மூன்றையும் அடுத்த வாரம் புதுப்பேட்டையில் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன், போல்ட் மூன்றும் பையில் தயார். டார்க் ரெஞ்ச் அடுத்த மாதச் சம்பளத்தில். அதுவரை மேல் வீட்டில் ஒருவர் வைத்திருக்கிறார், கேட்டால் தருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை டயர்களை மாற்றிப் போட்டேன். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டைக் கால் சுற்று தளர்த்திக்கொண்டு, பிளைவுட் போட்டு, முட்டு வைத்து, ஸ்டாண்டில் இறக்கி, ஆட்டிப் பார்த்து, கழற்றிய சக்கரத்தை அடியிலும் தள்ளி வைத்தேன். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடையில் இருபது நிமிட வேலை என்று எனக்கும் தெரியும்.

அந்த மழுங்கிய நட் மட்டும் 19 சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றின பிறகுதான் கழன்றது. சாக்கெட்டுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது வேறு கதை. அதையே திருப்பிப் போட மனசில்லை. இப்போது அந்தச் சக்கரம் மூன்று நட்டில் நிற்கிறது, வண்டியை எடுக்கவில்லை. மாமனாரின் ஐ10 சக்கரத்திலிருந்து ஒன்றைக் கழற்றி இதில் போட்டு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை ஓட்டிப் போகலாமா? அங்கே ஒரே ஒரு நட் தருவார்களா?

மதுரை டீச்சர்:

போடாதீர்கள்! இரண்டும் 12 எம்.எம். ஸ்டட்தான், ஆனால் மரை வேறு. மரைக்கு மரை இடைவெளி மாருதிக்கு 1.25 எம்.எம்., ஹூண்டாயின் ஐ10க்கு 1.5. முதல் இரண்டு சுற்று ஏறுவது போல ஏமாற்றும், அதற்குமேல் முடுக்கினால் ஸ்டட்டின் மரை போய்விடும். அப்புறம் நட்டோடு ஸ்டட்டும் மாற்ற வேண்டும். மாமனாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் போங்கள். ஒன்று தருவார்கள், நான்காகவே வாங்கிவிடுங்கள். பழைய நட்டைக் கையில் கொண்டு போய், மரையையும் உட்காரும் கூம்பு முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தாம்பரத்தான்:

சரி டீச்சர். நட் இன்னும் சாக்கெட்டுக்குள்தான் இருக்கிறது. அப்படியே சாக்கெட்டோடு கொண்டு போகிறேன்.